மாலையில் எல்.ஈ.டி. மாஸ்க்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருகோணமலை நகரில் ஒரு பார்மசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். எல்.ஈ.டி. மாஸ்க் என்பது உள்ளிருக்கும் சிறு விளக்குகளால் முகத்தோலில் ஒளி பாய்ச்சும் முகமூடி; பருவுக்கும் சுருக்கத்துக்கும் அதைப் போடுகிறார்கள். கட்டாரிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர் கொண்டுவந்து கொடுத்த மாஸ்க்கையும், கொழும்பிலிருந்து கூரியரில் வந்த மாஸ்க்கையும் பெட்டியோடு தூக்கிக்கொண்டு பலர் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் கேட்பவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். வெள்ளைத் தோலுக்கென்று எழுதப்பட்ட கையேட்டை நம் தோலுக்கு அப்படியே பின்பற்றக் கூடாது. அந்த இடங்களில் சற்று விரிவாகவே பேசியிருக்கிறேன்.

மாஸ்க்கின் வெளிச்சம் தோலுக்குள் என்ன செய்கிறது?

தரமான மாஸ்க்கில் புற ஊதாக் கதிர் இல்லை. தோலைச் சுடும் அளவுக்குச் சூடும் இல்லை. பெரும்பாலும் அதில் சிவப்பு, அண்மை அகச்சிவப்பு, நீலம் என்ற மூன்று ஒளிகள் இருக்கும். சிவப்பின் அலைநீளம் ஏறக்குறைய 630 நானோமீற்றர். அண்மை அகச்சிவப்பு 830 நானோமீற்றர் அளவில் இருக்கும்; அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிவப்பைவிட ஆழமாகப் போகும். உயிரணுவுக்குச் சக்தி தரும் இழைமணியில் உள்ள சைட்டோகுரோம் சி ஒக்சிடேஸ் என்னும் நொதியம் இவ்விரு ஒளிகளையும் உறிஞ்சுகிறது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். அதனால் அழற்சி சற்றுத் தணிகிறது. தோலை உறுதியாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை உண்டாக்கும் உயிரணுக்களும் தூண்டப்படுகின்றன.

415 நானோமீற்றர் அளவிலான நீல ஒளியின் வேலை வேறு. பருவோடு தொடர்புடைய பாக்டீரியா போர்பிரின் என்ற பொருளைத் தனக்குள் சேர்த்து வைத்திருக்கும். நீல ஒளி பட்டதும் அந்தப் போர்பிரின் வினைபுரிந்து பாக்டீரியாவையே அழிக்கிறது.

பலன் உண்மையானது, ஆனால் சிறியது. சிவந்து வீங்கும் பரு குறையலாம், மெல்லிய சுருக்கம் சற்று மங்கலாம். கரும்புள்ளி முனைகளையும் தோலுக்கடியில் கட்டியாக நிற்கும் ஆழமான பருவையும் இது தீர்க்காது.

பெட்டியில் ஏழு நிறம் என்று போட்டிருக்கிறது. ஏழும் தேவையா?

தேவையில்லை. ஓரளவு நல்ல ஆய்வு இருப்பது சிவப்புக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் நீலத்துக்கும்தான். பச்சை, ஊதா, இளநீலம் என்று அடுக்கப்படுபவை பெரும்பாலும் விற்பனைக்கான அலங்காரம். ஏழு நிற மாஸ்க்கைவிட, அலைநீளத்தை எண்ணில் எழுதியிருக்கும் இரண்டு நிற மாஸ்க்கையே நான் நம்புவேன்.

அக்கா, இதைப் போட்டால் வெள்ளையாவேனா?

மாட்டீர்கள். இந்தக் கேள்வியை 16 வயதுப் பிள்ளையும் கேட்கிறாள், கலியாணத்துக்கு நாள் குறித்த பெண்ணும் கேட்கிறாள், சில வேளை பெண்ணின் தாயே கேட்கிறார். யார் கேட்டாலும் என் மனம் வருந்தும். உங்கள் நிறம் மெலனின் என்னும் நிறமி தந்தது. இந்தக் கடலோர வெயிலில் தோல் புற்றுநோயிலிருந்து உங்களை ஓரளவு காத்துவருவதும் அதே மெலனின்தான். மாஸ்க்கின் எந்த ஒளியும் அதை அகற்றாது. அகற்ற வேண்டிய தேவையும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாஸ்க்கோடு சேர்த்துப் போடச் சொல்லி, பெயரில்லாத போத்தலில் வெள்ளையாக்கும் கிறீம் கொடுக்கிறார்கள். அதைத் தொடாதீர்கள். இலங்கைச் சந்தையில் இப்படிப்பட்ட கிறீம்களில் பாதரசம் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பாதரசம் தோல் வழியே உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். வேறு சிலவற்றில் கடுமையான ஸ்டெரொய்ட் மருந்து இருக்கும். முதல் சில வாரங்களில் முகம் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளித்தெரிந்து, பரு கொத்துக் கொத்தாக வரும். அந்த நிலையில் இருக்கும் முகத்துக்கு எல்.ஈ.டி. மாஸ்க் மருந்தல்ல. சருமநோய் வைத்தியரிடம்தான் போக வேண்டும்.

எனக்கு மங்கு இருக்கிறது. மாஸ்க் போடலாமா?

கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் பழுப்பாகப் படர்வது மங்கு. பிள்ளைப்பேறுக்குப் பின் நம் பெண்கள் பலருக்கு அது வருகிறது. பரு ஆறிய இடத்தில் கறுப்பு அடையாளம் நிற்பது ஆண் பெண் எல்லோருக்கும் உண்டு. இந்த இரண்டையும் போக்கத்தான் எங்கள் ஊரில் பெரும்பாலானோர் மாஸ்க் வாங்குகிறார்கள். ஆனால் அதற்கு அது ஏற்ற கருவி அல்ல. பெட்டியிலுள்ள நீல ஒளி இந்தக் கறுப்பைக் கூட்டவும் கூடும்.

நீல-ஊதா ஒளி கறுத்த, மாநிறத் தோலில் நிறமியை உண்டாக்கும் உயிரணுக்களைத் தூண்டும் என்பது ஆய்வுகளில் காட்டப்பட்டிருக்கிறது. 415 நானோமீற்றர் ஒளி பட்ட இடம் கறுத்தது, அந்தக் கறுப்பு நெடுநாள் நின்றது. 630 நானோமீற்றர் சிவப்பு பட்ட இடத்தில் அப்படி நிகழவில்லை. வெள்ளைத் தோலில் பெரிதாகத் தெரியாத இந்த வேறுபாடு நம் தோலில் நன்றாகத் தெரியும். வெளிநாட்டுக் கையேடுகள் பல இதைச் சொல்வதே இல்லை.

ஆகவே மங்கு உள்ளவர்கள் நீல ஒளியை முழுமையாக விட்டுவிடுங்கள். பரு ஆறினால் கறுப்பு விழும் தோல் என்றால் நீலத்தை வைத்தியரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். சிவப்பு ஒளி அந்த அளவுக்குத் தொந்தரவு செய்யாது. ஆனால் மங்குவுக்குச் சூடும் ஆகாது என்பதால், போட்டிருக்கும்போது முகம் கதகதப்பானால் கழற்றிவிடுங்கள். மங்குவுக்கு முதல் மருந்து பகலில் பூசும் சன்ஸ்கிரீன்தான். அதிலும் இரும்பு ஒக்சைட் கலந்த, தோல்நிறம் ஏற்றிய வகை சிறந்தது. சாதாரண வகை புற ஊதாவை மட்டும் தடுக்கும். இது கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும்.

மாலையில் எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும்?

முகத்தில் பகல் முழுவதும் படிந்ததை முதலில் எடுக்க வேண்டும். உப்புவெளியிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ வீடு திரும்பும் முகத்தில் வியர்வை, கடல் உப்பு, தூசி, சன்ஸ்கிரீன் எல்லாம் இருக்கும். பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்வந்திருந்தால் திருநீறும் சந்தனமும் குங்குமமும் சேர்ந்திருக்கும். இவை தோலின் மேல் நின்றால் ஒளி உள்ளே போகாமல் தடுக்கும். மென்மையான முகக்கழுவியால் ஒருமுறை கழுவினால் போதும். நீர் எதிர்க்கும் சன்ஸ்கிரீன் பூசியிருந்தால் இரண்டாவது முறையும் கழுவுங்கள். தேசிக்காய்ச் சாறு, மஞ்சள், பேக்கிங் சோடா எதையும் அந்த நேரத்தில் பூச வேண்டாம். தேசிக்காய்ச் சாறு முகத்தில் தங்கி வெயில் பட்டால் கொப்புளமும் கறுப்பும் வரும்.

பிறகு துவாயால் ஒற்றி, முகத்தை முழுமையாக உலரவிட வேண்டும். இங்கே பலர் அவசரப்படுகிறார்கள். மாரி காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் மின்விசிறிக்கு முன்னால் சில நிமிடம் இருங்கள். எண்ணெயும் சீரம் என்ற நீர்த்த முகப்பூச்சும் இல்லாத வெறும் முகத்தில் மாஸ்க்கைப் போடுங்கள்.

கழற்றிய பின்புதான் பூச்சு. நயசினமைட் அல்லது ஹயலுரோனிக் அமிலச் சீரம் பூசுபவர் அதை முதலில் பூசி, அதன்மேல் ஈரப்பதக் கிறீம் போடலாம். ரெட்டினோல், அடபலீன், பென்சோயில் பெரொக்சைட் போன்ற பரு, சுருக்கப் பூச்சுகள் மாஸ்க்குக்கு முன் வேண்டாம், பின்னர் போடுங்கள். தோல் எரியும் இயல்புடையவர் மாஸ்க் ஒரு நாள், ரெட்டினோல் மறுநாள் என்று மாற்றி மாற்றிச் செய்தால் நல்லது. தேங்காய் எண்ணெயை முகத்தில் இரவு முழுவதும் விடும் பழக்கம் பரு வரும் தோலுக்கு ஒத்துவராது. தலையில் வைத்த எண்ணெய் நெற்றிக்கு வழிந்தாலும் அப்படியே.

ஏன் மாலையில்? காலையில் போட்டால் பிழையா?

பிழையில்லை. மாலையில் முகம் கழுவுவதும் உட்கார நேரம் கிடைப்பதும் ஒன்றாக அமைகின்றன, அவ்வளவுதான். காலையில் போட்டால் வெளியே போகுமுன் சன்ஸ்கிரீன் கட்டாயம்.

சூரிய ஒளியிலும் சிவப்பு இருக்கிறதே. டச்சு பே கடற்கரையில் விடியலில் நின்றால் போதாதா?

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. விடியலில் புற ஊதா குறைவு. அந்த நேரத்தில் கடற்கரையில் நடப்பதால் வேறு பல நன்மைகள் உண்டு, நடவுங்கள். ஆனால் வெயில் சிவப்பை மட்டும் பிரித்துத் தராது, நீலமும் புற ஊதாவும் சேர்ந்தே வரும். நம் அட்சரேகை வெறும் எட்டரைப் பாகை. வருடத்தில் பல மாதங்களில் நண்பகல் புற ஊதாக் குறியீடு 10ஐத் தாண்டுகிறது. பருவுக்கும் சுருக்கத்துக்கும் வெயிலை மருந்தாக எடுத்தால் கறுப்படையாளமும் சுருக்கமும் கூடும்.

எத்தனை நிமிடம்? கூடுதலாகப் போட்டால் விரைவில் பலன் வருமா?

வராது. பெரும்பாலான மாஸ்க்குகள் ஒருமுறைக்கு 10 நிமிடம் அளவில், கிழமைக்கு மூன்று முதல் ஐந்து முறை என்று சொல்கின்றன. உங்கள் கையேடு சொல்வதைத் தாண்டாதீர்கள்.

கணக்கு எளிது. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 30 மில்லிவாட் ஒளி தரும் மாஸ்க்கை 10 நிமிடம், அதாவது 600 செக்கன் போட்டால், சதுர சென்ரிமீற்றருக்கு 18 ஜூல் ஒளிச்சக்தி கிடைக்கும். இந்த ஒளிச் சிகிச்சைக்கு ஒரு குணம் உண்டு: அளவோடு கொடுத்தால் உயிரணு தூண்டப்படும், அளவு மிஞ்சினால் அதே ஒளி அதை மந்தமாக்கும். கறியில் உப்புப் போடுவது போலத்தான். கறுத்த தோல் சிவப்பு ஒளியையும் வெள்ளைத் தோலைவிடக் குறைந்த அளவிலேயே தாங்குகிறது என்றும் ஆய்வில் கண்டிருக்கிறார்கள். வீட்டு மாஸ்க் அந்த எல்லைக்கு வெகு கீழேதான் நிற்கிறது. ஆனாலும் முதல் இரண்டு கிழமைக்குச் சொன்ன நேரத்தில் பாதியோடு தொடங்குங்கள் என்றே நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

எப்போது மாற்றம் தெரியும்?

பருவுக்கு நான்கு முதல் பன்னிரண்டு கிழமை. சுருக்கத்துக்கு எட்டுப் பன்னிரண்டு கிழமைக்கு முன் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். தொடங்கும் நாளில் ஒரே ஜன்னலருகில், ஒரே நேரத்து வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மாதத்துக்கு ஒன்று அதேபோல எடுங்கள். கண்ணாடியில் நாள்தோறும் பார்ப்பவருக்குக் கூடுவதும் தெரியாது, குறைவதும் தெரியாது. பன்னிரண்டு கிழமை ஒழுங்காகப் போட்டும் படத்தில் வேறுபாடு இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். பலன் கிடைத்தாலும் நிறுத்திய பின் மெல்ல மெல்லக் குறையும்.

கண்ணுக்கு ஆபத்து உண்டா?

கண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். 2019ஆம் ஆண்டு நியூட்ரஜீனா நிறுவனம் தன் பரு ஒளி மாஸ்க்கைச் சந்தையிலிருந்து தானாகவே மீளப் பெற்றது. ஏற்கெனவே சில கண் நோய்கள் இருப்போருக்கும், கண்ணை ஒளிக்குக் கூசவைக்கும் மருந்து எடுப்போருக்கும் பாதிப்பு வரலாம் என்பதே காரணம். அந்த மாஸ்க்கில் நீலமும் சிவப்பும் இருந்தன.

கண்ணைச் சுற்றி மறைப்பு உள்ள மாஸ்க்கையே பாவியுங்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நீலம் போடுவதென்றால் அதோடு வந்த கண்ணாடியைக் கட்டாயம் அணியுங்கள். போட்டபடி கைத்தொலைபேசி பார்க்க வேண்டாம். விழித்திரை நோய், கண் அழுத்த நோயான கிளோக்கோமா, நீரிழிவால் வந்த கண் பாதிப்பு இருப்பவர்கள் கண் வைத்தியரைக் கேட்டபின்பே தொடங்குங்கள். நம் ஊரில் நீரிழிவு இல்லாத வீடு அரிது என்பதால் இதை நான் எல்லோரிடமும் கேட்கிறேன். வலிப்பு உள்ளவர்களுக்கு மின்னும் ஒளி ஆகாது.

நான் மருந்து எடுக்கிறேன். போடலாமா?

மருந்தின் பெயரை எழுதிக்கொண்டு எந்தப் பார்மசிக்காவது போய்க் கேளுங்கள். பருவுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின், ஐசோட்ரெட்டினோயின், இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைட், இதயத் துடிப்புக்கான அமியோடரோன், மனநோய்க்கான குளோர்ப்ரோமசின் ஆகியவற்றை எடுப்பவரின் தோல் ஒளிக்குக் கூசும். அந்தக் கூச்சம் பெரும்பாலும் புற ஊதாவுக்குத்தான். ஆனால் சிலவற்றில் அது நீல ஒளிவரை நீளும். மாஸ்க்குக்காக மருந்தை நிறுத்தவே கூடாது. ஒளி பட்டால் கூடும் நோய்களான லூப்பஸ், போர்பிரியா உள்ளவர்கள் இதை முற்றாக விட்டுவிடுங்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது?

தீங்கு என்று காட்டும் ஆய்வும் இல்லை, பாதுகாப்பு என்று உறுதிசெய்யும் ஆய்வும் போதாது. சிகிச்சை அவசரமில்லை, பிள்ளை பிறந்தபின் பார்க்கலாம். கர்ப்ப காலத்தில் மங்கு எளிதில் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முகத்தில் முடி வளர்ந்துவிடுமா?

பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்தச் சிகிச்சையின் தொடக்கமே முடியில்தான். 1960களின் பிற்பகுதியில் ஹங்கேரி வைத்தியர் எண்ட்ரே மெஸ்டர் முடி மழித்த எலிகள்மேல் வலுக்குறைந்த லேசர் ஒளியைப் பாய்ச்சியபோது, ஒளி பட்ட இடத்தில் முடி விரைவாக வளர்ந்தது. இன்று தலைமுடிக்கென்றே சிவப்பு ஒளித் தொப்பிகள் விற்கப்படுகின்றன. ஆனால் முகமாஸ்க் அளவு ஒளியால் பெண்ணின் முகத்தில் முடி கூடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நாடியில் தடித்த முடியும் மாதவிடாய் ஒழுங்கின்மையும் சேர்ந்திருந்தால் மாஸ்க்கை விட்டுவிட்டு ஹோர்மோன் பரிசோதனைக்குப் போங்கள். அப்படிப்பட்டவருக்குப் பரு வருவதற்கும் ஹோர்மோன் கோளாறே காரணமாக இருக்கலாம்.

ஆண்கள் போடலாமா?

தாராளமாக. தாடி ஒளியை மறைக்கும். அந்த இடத்தில் பலன் குறையும். கடலுக்குப் போகும் தம்பிமார் மாஸ்க்கைவிட முதலில் தொப்பியும் சன்ஸ்கிரீனும் வாங்கட்டும்.

கன்னியா வெந்நீரூற்றில் குளித்த அன்று போடலாமா?

அன்று வேண்டாம். ஏழு கிணற்று நீரையும் மொண்டு ஊற்றிச் சிவந்த முகத்துக்கு ஓய்வு கொடுங்கள். வெயிலில் கருகிய தோலுக்கும், நூலால் முகமுடி எடுக்கும் திரெடிங் செய்த நாளுக்கும், பார்லரில் ஃபேஷியல் செய்த நாளுக்கும் இதே பதில்தான்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

அலைநீளம் நானோமீற்றரிலும், ஒளிச்செறிவு சதுர சென்ரிமீற்றருக்கு இத்தனை மில்லிவாட் என்றும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால் அது நிற விளக்குதான். விளக்குகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி என்று போட்டிருந்தால் அது ஒரு நல்ல அறிகுறி; ஆனால் அது பெரும்பாலும் ஏற்கெனவே விற்பனையில் உள்ள கருவிக்கு நிகரானது என்ற அளவிலான அனுமதியே தவிர, உங்கள் பருவைத் தீர்க்கும் என்ற உத்தரவாதம் அல்ல. முகத்தோடு படிந்து நிற்கும் சிலிக்கன் வகை, ஒளியை இடைவெளியில் இழக்காது. ஆனால் நம் வெக்கையில் அதன் உட்புறம் வியர்க்கும். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் மின்விசிறி இல்லாமல் அதைப் போட்டு இருக்க முடியாது.

வெளிநாட்டிலிருந்து வருவது யூ.எஸ்.பி. கேபிளில் சார்ஜ் ஆகும் வகையாக இருந்தால் பிளக் பிரச்சினை இல்லை. 110 வோல்ட் சார்ஜரோடு வந்தால் இங்குள்ள 230 வோல்ட்டில் அதைச் செருகாதீர்கள். மின்கலத்தை வெயில் படும் ஜன்னலிலோ மூடிய வாகனத்துக்குள்ளோ விட்டால் அது வீங்கும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது முகத்தில் போடவே கூடாது.

வீட்டில் மூன்று பேரும் ஒன்றையே பாவிக்கலாமா?

பாவிக்கலாம், ஒவ்வொருவருக்கும் பிறகு துடைத்தால். மெல்லிய துணியைச் சற்று நனைத்துச் சவர்க்கார நீரால் துடைத்து, ஈரம் போக உலர்த்துங்கள். கடுமையான ஸ்பிரிட் சில வகைப் பிளாஸ்டிக்கில் விரிசல் விழச் செய்யும். கையேடு அனுமதித்தால் மட்டும் பாவியுங்கள். யாருக்காவது முகத்தில் சீழ்க்கொப்புளமோ உதட்டுப் புண்ணோ இருந்தால் அவர் ஆறும்வரை தொடக் கூடாது.

முகத்தில் வெள்ளைத் தேமல் இருக்கிறது. ஒளி போக்குமா?

போக்காது. தேமல் பூஞ்சணத்தால் வருவது. வியர்வையும் ஈரமும் உள்ள நம் ஊரில் அது சாதாரணம், பூஞ்சண எதிர்ப்புக் கிறீமுக்குக் குணமாகும். ஆனால் வெளிறிய அல்லது சிவந்த படையில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால், அது குஷ்டரோகமாக இருக்கலாம். கிழக்கு மாகாணத்தில் அந்த நோய் இன்னும் இருக்கிறது. தொடக்கத்திலேயே கண்டால் மாத்திரையில் முழுமையாகக் குணமாகும், மருந்தும் இலவசம். வெட்கத்தால் மறைத்து மாதக்கணக்கில் வேறு எதையாவது பூசி நரம்பு பழுதானவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குத் தாங்குவதில்லை. பஞ்சு நுனியால் தொட்டுப் பாருங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் அடுத்த நாளே வைத்தியசாலைக்குப் போங்கள்.

மாஸ்க் வாங்கப் பணம் இல்லை. அப்படியென்றால்?

எதையும் இழக்கவில்லை. பரு உள்ளவருக்கு மென்மையான முகக்கழுவி, இரவில் வைத்தியர் சொல்லும் அடபலீன் அல்லது பென்சோயில் பெரொக்சைட், காலையில் சன்ஸ்கிரீன் ஆகிய மூன்றுக்கும் உள்ள சான்று மாஸ்க்குக்கு உள்ளதைவிட வலுவானது. செலவும் மிகக் குறைவு. அரச வைத்தியசாலைச் சருமநோய்க் கிளினிக்குகளில் கட்டணம் இல்லை. கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ வருபவர்கள் விடியவே புறப்பட்டு இலக்கம் எடுங்கள். நீங்கள் இதுவரை பூசிய கிறீம்கள் எல்லாவற்றையும் போத்தலோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.